தீர்மான நோட்டும் கைபேசியும்

சங்கங்களுக்கு இணையத்தில் பேசப் பழக்குவது என் வேலை. சேவுகம்பட்டியில் குடியிருந்துகொண்டு வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பட்டிவீரன்பட்டி, செம்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில் இதைச் செய்துவருகிறேன். விவசாயிகள் சங்கம், மகளிர் குழுக் கூட்டமைப்பு, மாற்றுத்திறனாளிகள் சங்கம், மில் தொழிலாளர்களுக்காக உழைக்கும் சிறு தொண்டு அமைப்புகள் ஆகியவைதான் என்னை அழைப்பவை. பேஸ்புக் பக்கம் தொடங்கித் தருவதும் யூடியூபில் படம் ஏற்றக் கற்றுத் தருவதும் இந்த வேலையில் சிறு பங்கு. அரசு ஒரு வரைவை இணையத்தில் போட்டுக் கருத்துக் கேட்டால் அதை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது, எந்தக் கேள்விக்கு என்ன எழுதுவது, ஊரைப் பற்றிப் பொய்யான வீடியோ பரவினால் யார் மறுப்பது, சங்கத்துத் தலைவியைக் கேவலமாக எழுதினால் என்ன செய்வது என்பவைதான் பெரும்பங்கு.

புதிதாக வரும் எந்தச் சங்கமும் முதலில் ஒன்றையே கேட்கும்: "நாங்க போடுறத எப்படிண்ணே வைரலாக்குறது?" நான் பதிலுக்கு, "உங்க தீர்மான நோட்டு எங்க இருக்கு?" என்று கேட்பேன். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் கைபேசியைத் தொடுவதற்கு முன்னால் அந்த நோட்டைத் திறந்துவைத்துத்தான் என் வகுப்பு தொடங்குகிறது. சங்கம் கூடி, பேசி, எழுதி, கையெழுத்துப் போட்ட பக்கங்கள்தான் இணையத்தில் அதற்குப் பின்பலம் என்று நான் நம்புவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் இரண்டு எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நடந்தவை.

அதற்கு முன், இந்தச் சின்ன ஊரில் இப்படியொரு வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேவுகம்பட்டி ஒரு பேரூராட்சி. பக்கத்தில் இருக்கும் ஊராட்சிகளில் 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராம சபை கூடுகிறது. குடியரசு நாளிலும் மே தினத்திலும் சுதந்திர நாளிலும் காந்தி ஜெயந்தியிலும் கூடிவந்த சபை, 2022 முதல் தண்ணீர் நாளான மார்ச் 22-லும் உள்ளாட்சி நாளான நவம்பர் 1-லும் சேர்த்துக் கூடுகிறது. அங்கே ஒரு கிழவி எழுந்து நின்று குடிதண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்டால் அது பதிவேட்டில் ஏறும். பேரூராட்சிக்காரர்களுக்குக் கிராம சபை கிடையாது. ஊராட்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நேரில் பேச மேடை குறைந்த இடத்தில் இணையம் என்னும் மேடையை நேர்மையாகப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது வசதிக்காக அல்ல, அவசியத்துக்காக.

பொதுவில் பேசுவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. மேடைப் பேச்சுக்காக 1908-இல் வ.உ.சி.யோடு சிறைசென்ற சுப்பிரமணிய சிவா பிறந்தது வத்தலக்குண்டில். 'மணிக்கொடி' ராமையாவுக்கும் அதே ஊர். சின்னமனூரில் பிறந்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா, 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, கைக்காசு கரையக் கரைய 1970 வரை நடத்தினார். கருத்துச் சண்டையைக் கண்ணியமாகப் போடுவது எப்படி என்று கேட்கும் இளைஞர்களுக்கு இந்த மூன்று பேரையும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

அந்த இரண்டு நிகழ்வுகளில் முதலாவதற்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து மேற்கே மலை தெரியும். அந்த மலைமேல் கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980-களில் கொண்டுவந்து வைக்கப்பட்டு, பின்னாளில் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்த ஆலை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை ஒன்றில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஏழு டன்னுக்கு மேல் கொட்டிக் கிடந்ததை ஊர்மக்களும் பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தாரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் ஆலையில் வெறுங்கையோடு பாதரசத்தில் வேலைபார்த்தவர்களின் உடம்புக்கு யார் பதில் சொல்வது? முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகக் கூடி 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது.

2015 ஜூலை 30 அன்று சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண் பாடிய ராப் பாட்டு ஒன்று யூடியூபில் வெளிவந்தது. பெயர் 'கொடைக்கானல் வோன்ட்'. சில நாட்களிலேயே பல லட்சம் பேர் பார்த்தார்கள். யூனிலீவரின் உலகத் தலைவர் ட்விட்டரில் பதில் சொல்லும் நிலை வந்தது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் உடன்பாட்டுக்கு வந்தது.

வகுப்பில் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: "கம்பெனி எதனால இறங்கி வந்துச்சு?" எல்லோரும் பாட்டால்தான் என்பார்கள். அதன்பிறகு பலகையில் ஆண்டுகளை வரிசையாக எழுதுவேன். 2001, 2003, 2006, 2015, 2016. பாட்டு வருவதற்கு முந்திய பதினான்கு ஆண்டுகளும் அந்தத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் என்று பேசுவோம். யார் எந்தப் பிரிவில் வேலைபார்த்தார், யாருக்குச் சிறுநீரகம் கெட்டது, யார் செத்துப்போனார் என்று கணக்கு வைத்திருந்தார்கள். சங்கத்தைக் கலையவிடாமல் காத்தார்கள். நீதிமன்றத்தில் வழக்கை உயிரோடு வைத்திருந்தார்கள். பாட்டு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதை யாரும் மறுக்க முடியாது. திரும்பிப் பார்த்த உலகத்துக்குக் காட்ட அவர்கள் கையில் காகிதம் இருந்தது. உடன்பாட்டில் கையெழுத்துப் போட ஒரு சங்கம் இருந்தது. இவை இல்லாமல் பாட்டு மட்டும் வந்திருந்தால், பார்த்தவர்கள் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

இரண்டாவது நிகழ்வு வேடசந்தூர்ப் பக்கத்தது. 2021 ஜனவரியில் ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலைசெய்த இருபது வயதுத் தலித் பெண் கொலைசெய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் அந்தக் குடும்பத்தோடு நின்றது. ஆலைக்குள் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்று தொழிலாளர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுத் திரட்டியது. அந்த ஆலையின் துணியை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்து, ஆசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றோடும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றோடும் கைகோத்தது. கொலையான பெண்ணின் பெயரைத் தாங்கிய ஹேஷ்டேக் பல நாடுகளில் பரவியது. 2022 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த எச் அண்டு எம் நிறுவனம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. பின்னர் கேப் நிறுவனமும் பி.வி.எச். நிறுவனமும் சேர்ந்தன. உலகம் அதைத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே சொல்கிறது. பாலியல் தொல்லையைத் தடுக்க, நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் இத்தகைய ஒப்பந்தம் ஆசியாவில் அதுவே முதல். தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுப்பதும் தனியான புகார் விசாரணை அமைப்பும் அதில் இடம்பெற்றன.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்வேன். அந்தச் சங்கம் "உலகமே கேள்" என்று பொதுவாகக் கூவவில்லை. யார் முடிவெடுக்க முடியுமோ அவரைத் தேடிப்போய்க் கேட்டது. சட்டையில் தைத்திருக்கும் பெயர்தான் அந்த முகவரி. இணையத்தில் பேசுவதற்கு முன்னால் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்தாக வேண்டும். பேரூராட்சி செயல் அலுவலரிடம் கேட்க வேண்டியதை முதலமைச்சரின் பக்கத்தில் போய் ஆயிரம் கமெண்டாகப் போடுவதால் குழாயில் தண்ணீர் வராது.

வரைவுகளுக்குக் கருத்து அனுப்புவது இந்தத் தொழிலில் மிகவும் பொறுமை கேட்கும் பகுதி. இங்கே நான் சொல்லித்தரும் முதல் பாடம் 2015-இன் இணையச் சமநிலை விவாதம், அதாவது எல்லா இணையதளங்களையும் ஒன்றுபோல நடத்த வேண்டுமா என்ற விவாதம். அந்த ஆண்டு மார்ச் 27-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் ஆலோசனைத் தாளை வெளியிட்டது. நூறு பக்கத்துக்கு மேல், இருபது கேள்விகள். சாதாரண மனிதர் படிக்க முடியாத நடை. சில தன்னார்வலர்கள் அதைச் சுருக்கி, ஒவ்வொரு கேள்விக்கும் மாதிரிப் பதில் எழுதி, இணையத்தில் வைத்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் போயின. அதே ஆண்டு டிசம்பரில் கட்டண வேறுபாடு பற்றி டிராய் தனியாகக் கருத்துக் கேட்டபோது, தன் இலவச இணையத் திட்டத்துக்கு ஆதரவாகப் பேஸ்புக் தன் பயனாளர்களை ஒரே வாசகத்தை லட்சக்கணக்கில் அனுப்பவைத்தது. அந்த வாசகம் நாங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை என்று டிராய் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரி 8 அன்று, இணையதளத்துக்கு இணையதளம் வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதி வந்தது.

இதிலிருந்து எங்கள் சங்கங்கள் எடுத்துக்கொண்ட பாடம் எளியது. கேட்ட கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். எண்ணிக்கைக்கு ஒரு கனம் உண்டுதான். ஆனால் ஒரே கடிதத்தை ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி அனுப்புவதைவிட, தாளைப் படித்த ஒரு சங்கம் தன் அனுபவத்தை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புவது அதிகாரியின் மேசையில் நிற்கும்.

2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது இந்தப் பாடத்தைச் செய்து பார்த்தோம். ஊரடங்குக் காலம். கூட்டம் போட வழியில்லை. வரைவோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். அதை 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி தில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. கருத்து அனுப்பும் கடைசி நாளையும் ஆகஸ்ட் 11-க்குத் தள்ளிவைத்தது. பூவுலகின் நண்பர்கள் போன்ற அமைப்புகள் தமிழில் விளக்கம் கொண்டுவந்தன. நடிகர்கள் கார்த்தியும் சூர்யாவும் பேசிய பிறகு எங்கள் வாட்ஸ்அப் குரூப்புகளில் இந்த வரைவு பற்றிய ஃபார்வேர்டுகள் குவிந்தன. அவற்றில் பாதி, வரைவில் இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்தின.

ஃபார்வேர்டுகளை ஓரம்கட்டிவிட்டு, ஒவ்வொரு சங்கத்தோடும் கான்பரன்ஸ் கால் போட்டு, தமிழ் விளக்கத்தை வரிவரியாக வாசித்தேன். எல்லாப் பிரிவுகளையும் எல்லோரும் எதிர்க்க வேண்டியதில்லை, உங்கள் வயிற்றில் அடிக்கும் பிரிவு எது என்று மட்டும் பாருங்கள் என்றேன். கல்குவாரிகளுக்குப் பக்கத்தில் இருந்த விவசாயிகள் சங்கம் ஒரு வரியில் நின்றது. மக்கள் கருத்துக் கேட்புக்கு முன்னால் கொடுக்கும் அவகாசம் முப்பது நாளிலிருந்து இருபது நாளாகக் குறைகிறது என்ற வரி.

"முப்பது நாளே பத்தல தம்பி. நோட்டீசு இங்க வந்து சேரவே பத்து நாளாகும். அப்புறம் அதப் படிச்சுச் சொல்ல ஆளத் தேடணும். இருபது நாள்ல என்னத்தப் படிக்க, என்னத்தப் பேச?" என்றார் அந்தச் சங்கத்தின் பெரியவர். "வெடி வச்சா சுவரு விரியுது, கெணத்துல தண்ணி எறங்கிருச்சு" என்று இன்னொருவர் சேர்ந்துகொண்டார்.

இதையே எழுதுவோம் என்றேன். எந்த ஆண்டிலிருந்து கிணறு இறங்கியது, எந்தச் சர்வே எண், முன்பு எத்தனை முறை மனுக் கொடுத்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். அவர்கள் தீர்மான நோட்டில் பழைய தீர்மானங்கள் தேதியோடு இருந்தன. அவற்றைப் படம் எடுத்து இணைத்தோம். எழுதியதை மறுபடி போனில் வாசித்துக் காட்டி, எல்லோரும் சரி என்ற பிறகு அனுப்பினோம். நாடு முழுவதிலிருந்தும் போன பல லட்சம் கருத்துகளில் அதுவும் ஒன்று. அந்த வரைவு முழு அறிவிக்கையாக வரவே இல்லை. அதிலிருந்த சில அம்சங்கள் பிற்பாடு தனித்தனி உத்தரவுகளாக வந்தன என்பதையும் அந்தச் சங்கம் தெரிந்துவைத்திருக்கிறது. கருத்து அனுப்பியவர்கள் அதன்பின் என்ன ஆயிற்று என்று கேட்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். இந்தப் பழக்கத்தைத்தான் என் வேலையின் நல்ல விளைச்சல் என்று நினைக்கிறேன்.

பேசுவதைப் போலவே, பேசாமல் நிறுத்துவதும் விவாதத்தில் ஒரு பங்கு. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுதான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2023 மார்ச்சில் வதந்தி வேறு வடிவில் வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று வடமாநிலங்களில் வீடியோக்கள் பரவின. ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த தகராறு. மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு வீடியோவிலேயே மறுப்புச் சொன்னார்.

திண்டுக்கல் மாவட்டத்து நூல் மில்களின் விடுதிகளில் வடமாநிலப் பிள்ளைகள் ஏராளம். ஹோலி நெருங்கிய சமயம். ஊருக்குப் போகிறவர்கள் பண்டிகைக்குப் போகிறார்களா, பயந்து போகிறார்களா என்று சொல்ல முடியவில்லை. எங்கள் கூட்டமைப்புப் பெண்களில் பலர் அந்த மில்களில் அவர்களோடு ஒரே ஷிப்டில் நின்றவர்கள். "அந்தப் புள்ளைககிட்ட நாமளே பேசுவோம்ணே" என்று அவர்கள்தான் சொன்னார்கள். மில்லில் ஓரளவு இந்தி பழகியிருந்த ஒரு பெண், இங்கே எல்லோரும் வேலைக்கு வருகிறோம், யாருக்கும் ஒன்றுமில்லை என்று தன் குரலிலேயே பதிவுசெய்தார். உடன் வேலைசெய்யும் வடமாநிலப் பெண்களும் தங்கள் மொழியில் தங்கள் வீட்டுக்குச் சொல்லிப் பதிவுசெய்தார்கள். காவல்துறையின் மறுப்போடு சேர்த்து அதை அவர்களே தங்கள் ஊர் குரூப்புகளுக்கு அனுப்பினார்கள். அரசு அறிக்கை போய்ச் சேராத வீட்டுக்குத் தெரிந்த குரல் போய்ச் சேரும்.

அன்றிலிருந்து எங்கள் சங்கங்களின் குரூப்புகளில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எந்த ஊர், எந்தத் தேதி, முதலில் யார் போட்டது என்ற மூன்றும் தெரியாத எதையும் அனுப்பக் கூடாது. அட்மின் கேட்டால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல யாரும் கூச்சப்படக் கூடாது. 2023-இன் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை ஏற்படுத்தியது. அதையும் பார்க்கச் சொல்கிறேன். அரசைப் பற்றிய செய்தியில் அரசே நீதிபதியாக இருக்க முடியுமா என்ற கேள்வியை நம் பெண்களே எழுப்புகிறார்கள். நல்ல கேள்வி. அதனால் ஒரே இடத்தில் பார்த்து முடிவுக்கு வராதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெண்கள் பேசுவதில் உள்ள தடை வேறு வகை. "போனு மவங்கிட்ட இருக்கு தம்பி. அவன் காலேசுக்குப் போனா போனும் போயிரும்" என்றார் ஒரு குழுத் தலைவி. போன் கையில் இருக்கும் பெண்ணுக்கோ, சொந்தப் பெயரில் எழுதினால் வரும் ஆபாசப் பதில்கள். சாதியைச் சொல்லி, உடம்பைச் சொல்லி எழுதுவார்கள். சாராயக் கடையை எதிர்த்தோ மணல் அள்ளுவதை எதிர்த்தோ எழுதினால் வீட்டு ஆண்களுக்கு மிரட்டல் போகும். இதற்கு நாங்கள் கண்ட வழி, தனி ஆள் பேசுவதைக் குறைத்துச் சங்கம் பேசுவது. பதிவு சங்கத்தின் பெயரில் வரும். அதற்குப் பின்னால் தேதியிட்ட தீர்மானம் இருக்கும். பதில் சொல்வதும் சங்கம் கூடி முடிவெடுத்த பிறகே. வசவு வந்தால் பதில் எழுதாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, லிங்க்கையும் நேரத்தையும் குறித்து வைப்போம். மிரட்டல் என்றால் சைபர் குற்றப் பிரிவில் புகார். புகார் கொடுக்க அந்தப் பெண் தனியாகப் போகமாட்டார், குழுவே போகும்.

சட்டத்தையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில், அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீக்கிவிட்டது. யாரோ ஒருவர் மனம் எரிச்சலடைந்தார் என்பதற்காக எழுதியவரைப் பிடித்துப்போகும் அதிகாரம் அதோடு போயிற்று. அவதூறும் சமூகங்களுக்குள் பகை மூட்டுவதும் இன்றும் குற்றங்களே. அதனால் அலுவலரைத் திட்டாதீர்கள், அலுவலகம் செய்யாத வேலையைச் சொல்லுங்கள் என்பேன். தெரு, தேதி, மனு எண் மூன்றும் உள்ள ஒரு வரி, பத்து வரி வசவைவிட அதிகாரியைக் கலங்க வைக்கும். வழக்குப் போடுவதும் கடினம்.

தமிழில் தட்டெழுதுவது ஒரு காலத்தில் பெரிய மதில். பழைய எழுத்துருவில் அடித்த மனு, மின்னஞ்சலில் போனால் மறுமுனையில் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடு வந்து அது தீர்ந்தது. இன்றைக்குப் பேசினால் எழுத்தாகும் வசதி கைபேசியிலேயே இருப்பதால் பள்ளிக்கூடம் காணாத பெண்களும் கருத்துச் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் பேச்சு வழக்கை அந்தப் பொறி தவறாகவே பிடிக்கும். "கெணறு" என்றால் வேறெதையோ எழுதிவைக்கும். ஆகவே பேசியவருக்கே அதை வாசித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்காமல் எதுவும் அனுப்புவதில்லை. அவர் சொன்ன சொல்லை அழகுபடுத்த வேண்டும் என்ற ஆசை படித்தவர்களுக்கு வரும். அதை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். கருத்து அவருடையது.

இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் ஊர்த் திருவிழாவையே எடுத்துக்கொள்கிறேன். தை மாதம் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுவார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து வீச, கூட்டம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகும். அந்தக் காட்சி இணையத்தில் வந்தால், உணவை வீணாக்குகிறார்கள் என்று வெளியூர்க்காரர் யாராவது எழுதுவார். எங்கள் பையன்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோபத்தில் எழுதியதை முதலில் காகிதத்தில் எழுதவைத்து, சத்தமாகப் படிக்கச் சொல்வேன். பிறகு அதையே திருத்துவோம். பழம் பிரசாதம், பிடித்தவர்கள் எடுத்துப்போகிறார்கள், காலில் மிதிபடுவதைக் குறைக்க இன்னும் என்ன செய்யலாம் என்று நாங்களும் பேசுகிறோம் என நான்கு வாக்கியங்களில் முடியும். எதிராளி சொன்னதில் நியாயமான துளி இருந்தால் அதை ஒப்புக்கொண்டு பேசப் பழகிய பையன், நாளைக்குப் பேரூராட்சித் தலைவரிடமும் அதே நிதானத்தோடு பேசுவான்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. எந்தச் சட்ட வரைவையும் குறைந்தது முப்பது நாள் மக்கள் முன் வைக்க வேண்டும், எளிய விளக்கத்தோடு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று 2014 பிப்ரவரியிலேயே ஒன்றிய அரசு கொள்கை வகுத்தது. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் போதும். வரைவு வெளிவரும் நாளிலேயே தமிழிலும் வரட்டும். ஒரு நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் எங்கள் மொழி நினைவுக்கு வரும் என்றால், அந்தக் கருத்துக் கேட்பு எங்களைக் கேட்பதாக ஆகாது.

இதைப் படிக்கும் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் தீர்மான நோட்டை ஒழுங்காக எழுதுங்கள். தேதி, வந்தவர்கள் பெயர், பேசிய பொருள், முடிவு எல்லாம் அதில் இருக்கட்டும். கொடுத்த மனுவின் நகலையும் வந்த பதிலையும் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள். மாதக் கூட்டத்தில் கால்மணி நேரம் ஒதுக்கி, உங்கள் தொழிலைத் தொடும் வரைவு எதுவும் வந்திருக்கிறதா என்று ஒருவரைப் பார்த்துவந்து சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை யாராவது, "இதுல நாம என்னத்தச் சொல்ல?" என்று கேட்டால் அந்த நோட்டை எடுத்து நீட்டுங்கள். சொல்ல வேண்டியதை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறீர்கள். கடைசித் தேதிக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள்.